வெள்ளிக்கிழமைச் சீருடை

சட்டையின் நடுப்பொத்தான் தெறித்து அடுப்படி வரை உருண்ட அதே கணத்தில், ஷாகிராவின் கைபேசி ஒலிக்கத் தொடங்கியது. சவூதியின் தம்மாமிலிருந்து கணவர் ஷரஃபுதீன். வழக்கம்போல வீடியோ அழைப்பு.

“மூச்ச இழுத்துப் புடிடி, ஜுவேரியா!”

“இழுத்துக்கினுதாம்மா கீறேன். போன வருச சட்டைம்மா இது!”

ஷரஃபுதீனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சென்னையிலோ அது பள்ளி நாள். ஆகவே வெள்ளி மாலைதோறும் அடையாறின் அந்த ஒற்றையறை வீட்டில் விசித்திரமான சடங்கொன்று நிகழும். மாநகராட்சிப் பள்ளியிலிருந்து திரும்பும் மகள், சீருடையைக் களைந்து இன்னொரு சீருடையை அணிவாள். ஓராண்டுக்கு முன்பே அவள் விட்டு விலகிய தனியார் பள்ளியின் சீருடை அது. அதை அறைத் தோழர்களுக்குக் காட்டிப் பூரிப்பதே ஷரஃபுதீன் தம் வார உழைப்புக்குப் பெற்ற கூலி.

தோழிகள் படிக்கும் பள்ளிதான் வேண்டுமென்று அடம்பிடித்து மாறியவள் ஜுவேரியா. மிஞ்சிய கட்டணத்தில் லேப் டெக்னீஷியன் பட்டயப் படிப்பில் சேர்ந்தவள் ஷாகிரா. அவர் அனுப்பிய பணம் படிப்புக்கே செலவானது, படிப்பவர்தாம் மாறியிருந்தார். அடுத்த மாதம் இறுதித் தேர்வு. அதற்குள் குட்டு உடைந்தால் பணமும் நின்றுவிடும், படிப்பும் நின்றுவிடும் என்று அவள் அஞ்சினாள்.

அழைப்பு ஓய்ந்து, மறுபடியும் ஒலித்தது. கூச்சலைக் கேட்டு எதிர்வீட்டுத் தையற்காரி ஹாஜிரா பீ நீலக் கோட்டொன்றுடன் ஓடிவந்தாள்.

“இத மேல மாட்டு. கஸ்டமர் கோட்டு, கறை படாம குடுத்துடு.”

ஷரஃபுதீனின் முகம் திரையை நிறைத்தது. “இன்னாம்மா, கோட்டெல்லாம் போட்டுக்கினு?”

ஷாகிரா முந்திக்கொண்டாள். “லீடராக்கிட்டாங்கங்க. லீடருக்கு மட்டுந்தான் கோட்டு.”

“மாஷா அல்லாஹ்! டேய் ஃபராஸ், எல்லாரையும் கூப்புட்றா!”

திரையில் தலைகள் பெருகின. புழுக்கத்தில் லீடரின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

“புள்ளைக்கு ஏன் இப்டி வேர்க்குது?”

“ஏசி க்ளாசுல ஒக்காந்து பழகிட்டா. வூட்டு சூடு ஒத்துக்கல.”

“ஏசி வேறயா! அந்த டீச்சரம்மாவுக்கு ஒரு வார்த்த நன்றி சொல்லணுமே.”

“எதிர்வூட்லதாங்க கீறாங்க.” சொல்லி முடித்த பிறகே, தான் சொன்னது ஷாகிராவின் காதில் விழுந்தது.

ஹாஜிரா பீ கழுத்திலிருந்த இஞ்ச் டேப்பை உருவி முதுகுக்குப் பின்னால் மறைத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி, ஆசிரியையானாள்.

“பொண்ணு கச்சிதமா படிக்குது சார். எங்கயும் லூசு கெடயாது.”

“இங்கிலீஷு எப்டி?”

“அதுக்கு லைனிங் குடுத்துக்கினு கீறோம்.”

அங்கே யாரோ பலமாக இருமினார்கள்.

“ஆண்டு விழா எப்ப டீச்சரம்மா?”

ஷாகிரா கண்ணைக் காட்டித் தடுப்பதற்குள், “அடுத்த மாசம். லீடருக்குப் பரிசு கீது,” என்று வள்ளன்மையுடன் அறிவித்தாள் ஹாஜிரா பீ.

“அப்ப லீவு போட்டுட்டு வந்துட்றேன்! டிக்கெட்டு இப்பவே போட்றேன்.”

ஷாகிரா கைபேசியை முகத்தருகே இழுத்தாள்.

“வராதீங்க! விழாவும் இல்ல, லீடரும் இல்ல, அந்த ஸ்கூலே இல்லீங்க. அவ கார்ப்பரேசன் ஸ்கூல்ல படிக்கிறா. இவங்க டெய்லரு. உங்க பணத்துல படிக்கிறது நானு. அடுத்த மாசம் பரீச்ச. திட்டுறதுன்னா திட்டுங்க, அதுவரைக்கும் நிறுத்திடாதீங்க.” அவள் விம்மினாள்.

ஷரஃபுதீன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார், தோள்கள் குலுங்கின. ஹாஜிரா பீ மெல்லக் கண்ணாடியைக் கழற்றினாள். ஜுவேரியா மட்டும் கோட்டுக் காலருக்குள் முகத்தை ஒளித்திருந்தாள்.

அங்கே ஃபராஸ் கைபேசியை வாங்கிக்கொண்டான்.

“அழாதீங்க அண்ணி, அண்ணன் சிரிக்கத்தான் சிரிக்கிறாரு, ஜுவேரியா போன வருசமே அவருகிட்ட சொல்லிட்டா, உங்க படிப்புக்குன்னுதான் அண்ணன் ஓவர்டைமே பாக்குறாரு, ஆனா இந்த நாடகத்த மட்டும் நிறுத்திடாதீங்க, வெள்ளிக்கெழமையில எங்களுக்கு இத வுட்டா வேற இன்னா பொழுதுபோக்கு கீது?”