டெங்குவுக்கு எதிராக ஏழு கையெழுத்து

மனிதகுலத்தின் நோய்கள் யாவும் ஒழியத் தொடங்கும் நாள் ஒரு திங்கட்கிழமை என்று ஹைதராபாத்தின் தார்நாகாவில் தீர்மானமாயிற்று. நேரம் காலை பதினொன்றரை. சமோசா உண்டு.

அன்றுதான் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநர் நாராயணஸ்வாமி, விஞ்ஞானிகள் கூடிப் பணியாற்றுவதற்கான ‘சங்கமம்’ என்ற இணையதளத்தைக் குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைத்தார். இனி அறிவு தடையின்றிப் பாயும் என்றார். பாய்வதற்கு வசதியாக, சங்கமத்துக்கு வெளியே யாரும் யாருக்கும் எந்தத் தகவலும் தரக்கூடாது என்று மாலையே சுற்றறிக்கை வந்துவிட்டது.

டெங்கு பிரிவுத் தலைவர் தண்டபாணி எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார். அவருக்கு வேறு வழியில்லை. அவருடைய ஆய்வுத் திட்டத்தை நீட்டிப்பதா, மூடுவதா என்று முடிவுசெய்ய வெள்ளிக்கிழமை டெல்லியிலிருந்து குழு வருகிறது. நாற்பது நோயாளிகளின் பிளேட்லெட் எண்ணிக்கையைக் காட்டாவிட்டால் மூடுவிழாதான். அந்த எண்ணிக்கை கீழ்த்தளத்தில், புள்ளியியல் பிரிவுத் தலைவி சகுந்தலாவிடம் இருந்தது. சகுந்தலா தண்டபாணியின் மனைவி. ஆனால் அது அலுவல் சாராத தகவல்.

செவ்வாய்க்கிழமை காலை இட்லித் தட்டின் முன்னால் அவர் துணிந்து கேட்டார்.

“அந்த நாப்பது பேர் லிஸ்ட்டைப் பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துரு சகு.”

“சங்கமத்துல கேட்டீங்களா?”

“உன்கிட்டத்தான கேக்கறேன்?”

“இங்க நான் சட்னி மட்டுந்தானுங்க குடுக்க முடியும். நாளைக்கு மெமோ வந்தா நீங்களா வாங்கிக்குவீங்க?”

தண்டபாணி சங்கமத்துக்குள் நுழைந்தார். ‘இந்த விஞ்ஞானியை உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று அது கேட்டது. கருத்தரங்கு, ஆய்விதழ், மற்றவை. மற்றவையை அழுத்தினார். இருநூறு சொற்களில் விளக்கச் சொன்னது. பொள்ளாச்சியில் பெண் பார்க்கப் போனதிலிருந்து ஆரம்பித்தார். மாப்பிள்ளை அழைப்புக்கு வருவதற்குள் சொற்கள் தீர்ந்துவிட்டன. ‘ஆதாரம் இணைக்கவும்’ என்றது சங்கமம். கல்யாணப் பத்திரிகையை இணைத்தார். புதன்கிழமை மதியம் உறவு அங்கீகரிக்கப்பட்டது. இரண்டு கூட்டங்களுக்கு நடுவே சகுந்தலா கோப்பை ஏற்றினார்.

அதை உடனே திறந்துவிடலாம் என்று தண்டபாணி நினைத்ததை, சங்கமத்தின் பொறுப்பாளர் இர்பான் பெருந்தன்மையோடு மன்னித்தார். இர்பானுக்குச் சொந்த ஊர் ஆம்பூர். ஹைதராபாத்துக்கு வந்து இருபது வருடம் ஆகிறது.

“அப்படி நேரா திறக்கறதெல்லாம் நக்கோ சார். ஸ்கிரீன்ல இருக்கறதை யார் நம்புவா? பிரிண்ட் எடுக்கணும், ஏழு பிரிவுத் தலைவருங்க கையெழுத்து வாங்கணும், ஸ்கேன் பண்ணி மறுபடி ஏத்தணும். அப்புறந்தான் அது டிஜிட்டல்.”

கோப்பு கிளம்பியது. லிஃப்டில் ஒருவர், கேன்டீன் வரிசையில் ஒருவர், செல்பேசியில் பேசிக்கொண்டே ஒருவர் என்று, இர்பான் நீட்டிய பக்கத்தில், விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துகள் விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் மேலே ‘முழுமையாக ஆராய்ந்து சரிபார்த்தேன்’ என்று அச்சாகியிருந்தது. கடைசியில் இயக்குநரின் ஒப்புதல் வேண்டும். அவர் மல்லாபூரில் ஒரு தொழிற்சாலைத் திறப்பு விழாவில் இருந்தார். இர்பான் ஸ்கூட்டரில் பறந்து, அவர் ரிப்பனை வெட்டிவிட்டுக் கத்தரிக்கோலைத் திருப்பித் தருவதற்குள் அதையும் வாங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்த குழு நோயாளிகளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சங்கமத்தில் எத்தனை ஒத்துழைப்பு நடந்தது என்றுதான் கேட்டது. ஒன்று என்றார் இயக்குநர். குழுத் தலைவர் கோப்பைக் கையில் வாங்கி, கனம் பார்த்து, கையெழுத்துகளை விரலால் எண்ணினார். இரண்டு பிரிவுகளுக்குள் இப்படியோர் அன்னியோன்யத்தைத் தாம் எங்கும் கண்டதில்லை என்று நெகிழ்ந்தார். தண்டபாணியின் திட்டம் மேலும் மூன்று வருடங்களுக்கு நீட்டிக்கப்பட்டது. நாட்டின் மற்ற ஆய்வுக்கூடங்களுக்கும் இதுவே முன்மாதிரி என்று தீர்மானம் நிறைவேறியது.

திங்கட்கிழமை தண்டபாணி ஆராய்ச்சியைத் தொடங்குவதற்காகக் கோப்பைப் பிரித்தார். நாற்பது வரிகள் இல்லை, பதினொன்றுதான் இருந்தன. கத்தரிக்காய் இரண்டு கிலோ, சுரைக்காய் ஒன்று, புடலை இளசாக இருந்தால் மட்டும். போவன்பள்ளி மார்க்கெட்டுக்காகச் சகுந்தலா தட்டச்சு செய்து வைத்திருந்த பட்டியல்.

சரிபார்த்த ஏழு பேரில் மூன்றாவது கையெழுத்து தண்டபாணியுடையது.