நிறுத்தாமல் படிக்கும் நாடு

எங்கோ ஒரு மூலையில் விரைமொழி நாடு என்று ஒன்று இருந்தது. அங்கே படிக்கத் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. அதைச் சொல்லிச் சொல்லியே அந்நாட்டு மன்னர், மன்னராக இருந்தும், மூன்று தேர்தல்களில் வென்றிருந்தார்.

எந்த ஆணையானாலும் அரண்மனை மதிலில் பெரிய எழுத்தில் எழுதுவார்கள். குடிகள் கூடி ஒரே குரலில் உரக்கப் படிக்க வேண்டும். படித்து முடித்தால் சம்மதித்ததாகப் பொருள். நடுவில் நிறுத்தினால் அந்த வீட்டுக்கு அரிசி கிடையாது. முதலில் மெதுவாகப் படிக்கத் தடை வந்தது. பிறகு இரண்டாம் முறை படிக்கத் தடை. அப்புறம் படிக்கும்போது புருவம் அசைந்தாலே குற்றம் என்றார்கள். புருவங்களைக் கண்காணிக்கத் தனி அதிகாரிகள் வந்தார்கள். மக்கள் மட்டும் சளைத்தவர்களா? மூச்சுவிடாமல் படித்துத் தள்ளினார்கள். என்ன படித்தீர்கள் என்று கேட்டால்தான் திருதிருவென்று விழித்தார்கள்.

ஏரிக்கரைத் தெருவில் குடியிருந்து, ஏரியில் மீன் பிடித்துப் பிழைத்த தவமணியும் அப்படித்தான். அவளுடைய போதாத காலம், ஒரு நாள் ஆணை படிக்கும்போது பார்த்து இருமல் வந்துவிட்டது. தொண்டை அடைத்து நின்றாள். ஊர் படித்துக்கொண்டே போனது. வாய் சும்மா இருந்ததால் அவளுக்கு முதல்முறையாகக் காது வேலை செய்தது.

"...ஏரியைத் தூர்த்து மன்னர் பெருமானுக்குக் குதிரை மைதானம் அமைக்கவும், எங்கள் வீடுகளைக் காலி செய்யவும் மனமுவந்து சம்மதிக்கிறோம்..."

படித்துக்கொண்டிருந்தவர்கள் ஏரிக்கரைத் தெருக்காரர்கள்.

தவமணி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "நிறுத்துங்க! நம்ம ஏரியைத்தான் எழுதியிருக்காங்க!" என்று கத்தினாள். யார் நிறுத்துவார்கள்? அரிசி போய்விடுமே. முடித்துவிட்டுக் கை தட்டினார்கள்.

அமைச்சர் அவளை மேடைக்கு அழைத்தார். "ஏம்மா நடுவுல நிறுத்தினே?"

"புரிஞ்சிடுச்சு ஐயா."

அமைச்சரின் முகம் வெளுத்தது. "உனக்கு எதுக்கும்மா அந்த வேலை? புரிஞ்சுக்கறதுக்குன்னு அரசாங்கத்துல ஒரு துறையே வெச்சிருக்கோமே!" பிறகு குரலைத் தாழ்த்தி, "வேற யாருக்காவது புரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"கத்திப் பார்த்தேன். யாரும் கேக்கலை."

"நல்ல ஜனங்க" என்று பெருமூச்சு விட்டார் அமைச்சர்.

உடனே மதிலில் அடுத்த ஆணை ஏறியது. இந்த முறை தவமணி வாயைத் திறக்காமல் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தாள். பொழுது சாய்வதற்குள் தவமணி நாடு கடத்தப்படுவாள். அதுவரை அவளோடு ஒரு வார்த்தை பேசுகிறவர்களுக்கும் அதே தண்டனை. ஊர் அதையும் கணீரென்று படித்தது. ஒரு புருவம்கூட அசையவில்லை. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

பக்கத்து வீட்டு ராக்காயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "தவமணி, ஆணையில உன் பேரு வந்துச்சே! என்ன பரிசு குடுத்தாங்க?"

தவமணி பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். அதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது. ராக்காயிக்குப் பின்னால் தெருவே சிரித்த முகத்தோடு வாழ்த்துச் சொல்ல வந்துகொண்டிருந்தது. வராதீர்கள், வராதீர்கள் என்று தவமணி இரண்டு கைகளையும் ஆட்டினாள்.

அவர்களும் சந்தோஷமாகக் கையாட்டினார்கள்.

மேடையில் அமைச்சர் சேவகனைக் கூப்பிட்டார். "ஒரு வண்டி பத்தாதுய்யா. தெரு முழுசுக்கும் ஏற்பாடு பண்ணு."