உடை அலங்காரம்: பத்ரிநாத்

"இழைகளின் மொழி அறிந்தவர், மறைந்துபோன நெசவுகளைத் தேடி ஊர் ஊராக அலைபவர், ஒவ்வோர் ஆடையையும் வெறுந்துணியிலிருந்து உருவாக்கும் படைப்பாளி."

நாடக அரங்கின் வாசலில் நம் கையில் திணிக்கப்படும் வழவழப்பான தாளில் பத்ரிநாத்தைப் பற்றி இப்படித்தான் அச்சிட்டிருக்கும். அதில் பத்ரிநாத் என்ற பெயர் மட்டும் உண்மை. ஊர் ஊராக அலைபவராம்! ஜெயநகரிலிருந்து மல்லேஸ்வரம் போவதற்கே டிராஃபிக்கைச் சொல்லி இரண்டு நாள் யோசிக்கிற மனிதர்.

சினிமாவுக்கும் நாடகத்துக்கும் உடை தைத்து, சாயம் போட்டு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் உழைப்பாளிகள் ஏராளம். அவர்களைப் பற்றி நமக்குப் பேச்சில்லை. உழைக்கிறவர்களிடம் கேலிக்கு என்ன கிடைக்கும்? நாம் பார்க்கப்போவது இரவல் வடிவமைப்பாளர் என்னும் இனத்தை. பெங்களூரில் இது செழித்து வளர்கிறது. தட்பவெப்பம் அப்படி. பீரோவில் வைத்த பட்டு கெடாத ஊர்.

அடையாளம் சொல்கிறேன். வீட்டுக்கு வந்தால் உங்களைப் பார்க்க மாட்டார். உங்கள் தோளுக்கு மேலாகப் பீரோவைப் பார்ப்பார். காபியில் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, "இந்த வீட்ல ஒரு பீரியட் இருக்கு" என்பார், ஏதோ பழைய காலத்தையே கண்டுபிடித்தாற்போல. நீங்கள் பூரித்துப்போவீர்கள். அவர் புறப்படும்போது அந்தப் பீரியட் ஒரு பையில் அவரோடு போய்விடும். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்று பெரியவர்கள் சொன்னார்கள். பத்ரிக்கு அந்தப் பயமில்லை. கந்தையும் இரவல்தான்.

அவருடைய கலைப் பயணம் பெரியப்பா பிள்ளை சுந்தரராமனின் கோட்டிலிருந்து தொடங்கிற்று. மாநில அரசில் பெரிய உத்தியோகம் பார்த்தபோது சுந்தரராமன் போட்டுக்கொண்ட கோட்டு, ஒரு படத்தில் கள்ளக்கடத்தல்காரனின் உடம்பில் ஏறி, மலை உச்சியிலிருந்து பள்ளத்தில் விழுந்தது. சண்டைக் கலைஞர் பிழைத்துக்கொண்டார். கோட்டு பிழைக்கவில்லை.

"டேய் பத்ரி, என் கோட்டு எங்கேடா?"

"அண்ணா, அது இப்போ கோட்டு இல்லை. கேரக்டர். அந்த ஷாட்டுக்குத் தியேட்டரே கைதட்டித்தே, பாத்தேளோல்லியோ?"

பார்த்தார். கைதட்டியவர்களில் சுந்தரராமனும் ஒருவர். இந்த இனம் அழியாமல் இருப்பதற்கு வேறு காரணம் வேண்டுமா?

சுந்தரராமனின் மனைவி அலர்மேல்மங்கை அப்படி ஏமாறுகிறவர் அல்லர். பத்ரி வந்தால் பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் காபி கலப்பார். அந்தச் சாவிக்குப் பின்னால் இருந்தது அவருடைய கல்யாணக் கூறைப்புடவை: அரக்குச் சிவப்பு, ஒன்பது கெஜம், கரையில் அன்னப்பட்சி. வருஷத்துக்கொரு முறை நிழலில் காயவைத்து, மடிப்பை மாற்றிப்போட்டு, குழந்தையைப் போலக் காப்பாற்றி வந்தார்.

"பாக்கத்தான் மன்னி, தொட மாட்டேன்" என்று தொடங்கிய பத்ரி, பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ராணியை நாடு கடத்திட்டா. காட்டுல தனியா நிக்கறா. எல்லாம் போயிடுத்து, கட்டின புடவை மட்டும்தான் பாக்கி. வேற எதைக் கட்டி நிறுத்தினாலும் ஜனங்க நம்ப மாட்டா."

"அடுத்த மாசம் எனக்கு வேணும்டா. உங்கண்ணாவுக்கு அறுபதாங்கல்யாணம். அன்னிக்கு இதைத்தான் கட்டிக்கணும்னு கல்யாணம் ஆன நாளா நெனச்சிண்டிருக்கேன்."

"ஒரே ஒரு ஷோ மன்னி. மறுநாள் காத்தால உங்க கையில. தாள்ல தனியா நன்றி போடறேன், உங்க பேரோட."

அச்சில் பேர்! இடுப்பிலிருந்த சாவி தானாகவே நழுவிற்று.

நாடகத்தன்று அலர்மேல்மங்கை தங்கை ஸ்ரீலக்ஷ்மியை அழைத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். தாளைப் பிரித்தார். 'நன்றி: உற்றார், உறவினர்' என்றிருந்தது. சரி, உறவினர்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். திரை விலகியது. காட்டில் ராணி நின்றாள், சேற்றில் புரண்ட எருமை நிறத்தில் எதையோ சுற்றிக்கொண்டு.

"ஐயோ பாவம், யாராத்துப் புடவையோ" என்று தங்கையிடம் கிசுகிசுத்தார்.

ராணி திரும்பினாள். கரையில் அன்னப்பட்சி தெரிந்தது.

இடைவேளைவரை அவர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். மணி அடித்ததும் மேடைக்குப் பின்னால் போய் நின்றார்.

"என்னடா பண்ணித் தொலைச்சே?"

"ஏஜிங் மன்னி. ரொம்பப் புதுசாத் தெரிஞ்சுது. இத்தனை நன்னா வச்சிண்டிருந்தா காட்டு ராணின்னு யார் நம்புவா? அதான் டீ டிகாக்‌ஷன்ல ஒரு நாள் பூரா ஊறப்போட்டேன்."

"பழசுன்னுதானேடா வாங்கிண்டு போனே?"

"பழசுதான் மன்னி. பழசாத் தெரியலையே."

இதுதான் அந்த இனத்தின் வேதம். புதிதை வாங்கிப் பழசாக்குவது யாராலும் முடியும். பழசையே வாங்கிப் பழசாக்க ஒரு மேதை வேண்டும்.

ராணியாக நடித்த வைஷ்ணவி, எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண், காட்டு ராணியின் விரித்த தலையோடு கைகளைப் பிசைந்தாள். "ஆண்ட்டி, சத்தியமா எனக்குத் தெரியாது. கம்பெனிப் புடவைன்னுதான் சார் சொன்னாரு. இப்பவே அவுத்துக் குடுத்துடறேன்."

"வேண்டாம்மா. பாதி நாடகம் பாக்கியிருக்கு. நன்னா நடி. ஆனா அந்தக் கடைசி சீன்ல கீழ விழுவியாமே, கொஞ்சம் பாத்து விழு" என்றார் அலர்மேல்மங்கை.

முடிவில் சிறப்பு விருந்தினர் ஒலிபெருக்கியைப் பிடித்து, அந்த நிறத்துக்காக இந்தக் கலைஞர் எத்தனை காடுகளில் அலைந்தாரோ என்று நெகிழ்ந்தார். பத்ரி தலைகுனிந்து, "எல்லாம் இலைச் சாயம்" என்றார். பொய் என்று சொல்ல முடியாது. தேயிலையும் இலைதான். அவருக்குப் போர்த்திய பொன்னாடை அடுத்த படத்தில் ஒரு ஜமீன்தாரின் தோளில் கிடந்தது.

மறுநாள் காலை புடவை வரவில்லை. போன் செய்தால், "ஷூட்ல இருக்கேன் மன்னி." அடுத்த வாரமும் ஷூட். விசேஷத்துக்கு முந்தின நாள் புடவை வந்தது. சலவைக்காரர்கள் இருவர் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். வேறு வழியில்லாமல் அலர்மேல்மங்கை விவேக் நகருக்கு ஆட்டோ பிடித்துப் போய், ஸ்ரீலக்ஷ்மியின் பீரோவுக்கு முன்னால் நின்றார்.

"அந்தக் கிளிப்பச்சையைக் குடுடி. ஒரே ஒரு நாள். மறுநாள் காத்தால உன் கையில."

அறுபதாங்கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. போட்டோக்களில் கிளிப்பச்சை பிரமாதமாக விழுந்தது. முந்தானையில் பாயசமும் விழுந்தது. மாதம் இரண்டாகிறது. ஸ்ரீலக்ஷ்மி போன் செய்யும்போதெல்லாம் அலர்மேல்மங்கை, "பூஜையில இருக்கேன்டி" என்கிறார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. அதற்கு முன்னால் கொஞ்சம் எழுந்துபோய் உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். மேல்தட்டில் அந்தச் சால்வை, அதன் பக்கத்தில் அந்தப் புத்தகம், சமையலறைப் பரணில் அந்த டிபன் கேரியர். சொந்தக்காரர் பெயர் நினைவிருக்கிறதல்லவா? அவர் போன் செய்தால் நீங்கள் எங்கே இருப்பதாக உத்தேசம்?

பத்ரிநாத்தின் புதுத் தாள் வந்துவிட்டது. 'கானகச் சாயங்களை மீட்டெடுத்தவர்' என்று ஒரு வரி கூடியிருக்கிறது. அவர் ஒரு கல்யாணப் புடவையை இரவல் வாங்கினார், டீயில் முக்கினார், நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.