விட்டும் போகாதவர்

சபையை விட்டு வெளியே வந்தவர்களில் இரண்டு இனம் உண்டு. முதல் இனம் விட்டுவிட்டுப் போய்விடும். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஞாயிறு காலையில் ஏரிக்கரையில் தூண்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும், மீன் கிடைத்ததா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும், அவ்வளவுதான். இரண்டாவது இனம் விட்டுவிடும், ஆனால் போகாது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மலையடிவார ஊர்களில் தெருவுக்கு ஒன்றிரண்டாவது தென்படும். அடையாளம் கண்டுபிடிக்க நீங்கள் சிரமப்பட வேண்டாம். பேச்சுக் கொடுத்த ஐந்தாவது நிமிடத்தில் அதுவே சொல்லிவிடும்: "நான் மார்மன் சபையில இருந்தவன். இப்ப இல்ல." நீங்கள் அதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். அடுத்த பஸ் எப்போது என்றுதான் கேட்டிருப்பீர்கள்.

ஓரெம் நகரத்து டெல்மர் ஹஃபேக்கர் இந்த இரண்டாவது இனத்தின் முற்றிய மாதிரி. வயது ஐம்பத்தெட்டு. புல்வெளிக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய் வியாபாரம். எங்கள் சபையில் சம்பளம் வாங்கும் பாதிரியார் கிடையாது. பல் டாக்டர் ஒருவர் பிஷப்பாக இருப்பார், குழாய் வியாபாரி அவருக்கு ஆலோசகராக மேடையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். டெல்மர் அப்படி உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவர். ஞாயிறு வகுப்புக்குப் பாடம் தயாரிக்கிறேன் என்று சபையின் பழைய சரித்திரத்தைக் கிளறப் போனார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. முதலில் ஒரு சந்தேகம்; அதைத் தீர்த்துக்கொள்ள ஒரு புத்தகம் படித்தார்; அந்தப் புத்தகம் ஏழு சந்தேகங்களைப் பெற்றுப் போட்டது. கடைசியில் ஒரு காலை, முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது, தான் இதில் எதையுமே நம்பவில்லை என்பது கண்ணாடியில் அவருக்குத் தெரிந்தது. பாதி முகத்தில் நுரையோடு சமையலறைக்குப் போனார். மனைவி ஜனீல் மாவு கலக்கிக்கொண்டிருந்தார்.

"ஜனீல், எனக்கு நம்பிக்கை போயிடுச்சு."

"எதுல?"

"எல்லாத்துலயும்."

ஜனீல் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்பாடா! எனக்குப் போய் நாலு வருஷமாச்சு. நீ மேடையில உக்காந்திருக்கியே, எப்படிச் சொல்றதுன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

வானம் இடிந்து விழும் என்று எதிர்பார்த்து வந்தவருக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். ஜனீல் அவர் தாடையில் ஒழுகிய நுரையைத் துடைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்போ இனிமே ஞாயித்துக்கிழமை என் பக்கத்துல உக்காருவியா டெல்?"

இது சின்னக் கேள்வி போலத் தோன்றினால், ஆலோசகர் ஒருவரின் மனைவியாக நீங்கள் இருந்து பார்க்க வேண்டும். கணவர் மேடையில் கோட்டும் கழுத்துப் பட்டையுமாகப் புனிதமாக வீற்றிருக்க, கீழே மூன்றாவது பெஞ்சில் ஒன்று கடிக்க, ஒன்று பெஞ்சுக்கு அடியில் தவழ, ஒன்று அப்பம் பரிமாறும் நேரம் பார்த்து ஒன்றுக்கு வருகிறது என்று கத்த, கைக்குழந்தை ஒன்று தோளில் கக்க, நான்கு பிள்ளைகளையும் ஒற்றை ஆளாக வளர்த்தவர் ஜனீல். பிள்ளைகள் வளர்ந்து பறந்த பிறகும் பெஞ்சில் தனிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரை அவர் தூரத்திலிருந்து, முன்பக்கமாக மட்டுமே பார்த்திருக்கிறார்.

"சத்தியமா," என்றார் டெல்மர். எதன்மேல் சத்தியம் செய்வது என்று தெரியாமல் மாவுப் பாத்திரத்தின்மேல் கை வைத்தார்.

பிறகு என்ன ஆயிற்று? இனத்தின் குணம் வெளிப்பட்டது.

முதலில் காபி. காலையில் காபி இறங்காமல் கண் திறக்காத நீங்கள் இதைக் கேட்டுச் சிரிப்பீர்கள். எங்களுக்கு அது விலக்கப்பட்ட கனி. டெல்மர் பக்கத்து ஊருக்குக் காரில் போய், தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு, இருப்பதில் பெரிய கோப்பை வாங்கினார். வாழ்நாளில் காபி குடித்திராதவருக்கு அதை எப்போது குடிக்க வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பால் குடிப்பது போலக் குடித்தார். ஒரு மாதம் தூக்கமில்லை. கடவுளை இழந்த துக்கம் என்று நினைத்துக்கொண்டார். நண்பர்களிடம் கண்கலங்கச் சொல்லவும் செய்தார். ஜனீல்தான் ஒரு நாள், "துக்கத்தைக் காலையில குடிச்சுப் பாரேன்," என்றார். துக்கம் தீர்ந்தது.

பிறகு கெட்ட வார்த்தை. காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பயிற்சி எடுத்தார். நன்றாகத்தான் வந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் "மன்னிக்கணும்" என்று சேர்த்துச் சொல்லும் பழக்கத்தை மட்டும் விட முடியவில்லை.

இதெல்லாம் தனிமனித விவகாரம் என்று விட்டுவிடலாம். ஆனால் எங்கள் இனத்தால் தனியாக எதையும் செய்ய முடியாது. தனியாகக் கடவுளை மறுக்கக்கூட முடியாது. அதற்கும் ஒரு கூட்டம் வேண்டும், கூட்டத்துக்கு ஒரு தலைவர் வேண்டும், முடிந்ததும் மடிக்க நாற்காலிகள் வேண்டும். டெல்மர் நகர நூலகத்தில் ஒரு அறையைப் பிடித்தார். "வெளியே வந்தோர் வட்டம்" என்று பெயர் வைத்தார். நேரம் ஞாயிறு காலை பத்து. ஏன் ஞாயிறு, ஏன் பத்து? வேறு எந்தக் கிழமையிலும் எங்கள் ஆட்களுக்குக் குளித்துக் கிளம்பத் தோன்றாது.

சபையின் அடிமைத்தனம் எதுவுமே இங்கே கிடையாது என்று முதல் நாள் அறிவித்தார் டெல்மர். அதைச் சொல்லத் தனக்கென்று ஒரு மேசையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வரவேற்புரை உண்டு. பிறகு ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்வது உண்டு. முன்பு தழுதழுத்த குரலில் "இந்தச் சபை மெய்யானதுன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லி அழுதவர்கள், இப்போது அதே தழுதழுப்பில் "மெய் இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லி அழுதார்கள். டிஷ்யூ பெட்டி அதே திசையில் கைமாறியது. முடிவில் ஜெபம் கிடையாது, ஆனால் ஒரு நிமிடம் எல்லோரும் கைகளைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து "சிந்திப்பார்கள்." பின்வரிசையில் யாராவது ஒருவர் ஆமென் என்பார். மற்றவர்கள் அவரைத் திரும்பி முறைப்பார்கள், தாங்கள் சொல்லாமல் தப்பித்த நிம்மதியில். அதன்பின் சாப்பாடு: சாவு வீடு தவறாமல் நாங்கள் கொண்டு போகும், மேலே கார்ன்ஃபிளேக்ஸ் தூவிச் சுட்ட சீஸ் உருளைக்கிழங்கு, கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி. காபியும் உண்டு. யாரும் குடிக்க மாட்டார்கள். அது இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

ஜனீல் எங்கே உட்கார்ந்தார் என்கிறீர்களா? மூன்றாவது வரிசையில். தனியாக. முன்னால், மேசைக்குப் பின்னால், கோட்டும் கழுத்துப் பட்டையுமாக டெல்மர்.

அந்த வசந்தத்தில் ஆட்கள் குறைய ஆரம்பித்தார்கள். விட்டுப் போனவர்களுக்கு விட்டுப் போவது கைவந்த கலை அல்லவா? டெல்மருக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிறு ஆவேசமாகப் பேசினார். "நம்மள்ல ஒருத்தர் மூணு வாரம் வரலைன்னா நாம சும்மா இருக்கலாமா? போகணும். கதவைத் தட்டணும். உன்னைத் தேடுறோம்னு சொல்லணும். பேரு பாக்காதீங்க, உறவு பாக்காதீங்க. என் வீடா இருந்தாலும் சரி!" கைதட்டல். புதிதாகச் சபையை விட்டிருந்த பிராக்ஸ்டன் என்ற வாலிபனும், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை கோலீனும் அந்த இடத்திலேயே முன்வந்தார்கள்.

அன்று காரில் திரும்பும்போது ஜனீல் சொன்னார்: "டெல், அடுத்த வாரத்திலிருந்து நான் வரல."

"ஏன்?"

"பக்கத்துல உக்காருறேன்னு சொன்னியே?"

"இந்த ஒரு மாசம் பொறுத்துக்கோ. வட்டம் கொஞ்சம் நிலைச்சுரட்டும்."

"பிஷப் உன்னைக் கூப்பிட்டப்பவும் இதையேதான் சொன்னே. அப்பக் கடைசிப் பொண்ணு தொட்டில்ல கிடந்தா."

சிக்னல் பச்சையாகி, பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது.

மனைவி வராததற்கு டெல்மர் வட்டத்தில் முதல் வாரம் தலைவலி என்றார். இரண்டாம் வாரம் முழங்கால் என்றார். மூன்றாம் வாரம் உறவினர் வருகை என்றார். பொய் சொல்வது பாவமா என்ற விசாரணை அவரளவில் இன்னும் முடியவில்லை.

அன்று பிற்பகல் ஹஃபேக்கர் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால், வாசலில் பிராக்ஸ்டன், வெள்ளைச் சட்டையில். பக்கத்தில் கோலீன், கையில் தட்டு. தட்டில் சாக்லேட் பிஸ்கட், மேலே அலுமினியத் தாள், தாளில் ஒட்டிய சீட்டில் ஒரு இதயப் படம்.

எங்கள் ஊரில் அந்தத் தட்டின் அர்த்தம் தெரியாதவர் இல்லை. நீ கூட்டத்துக்கு வராததைப் பார்த்துவிட்டோம் என்று அர்த்தம். டெல்மர் தன் காலத்தில் இப்படி எத்தனையோ தட்டுகளை ஏந்தியவர். பிறகு இதே வாசலில் இப்படி எத்தனையோ தட்டுகளை வாங்கிப் பல்லைக் கடித்தவர்.

"பிரதர் ஹஃபே... மன்னிக்கணும். டெல்மர், சிஸ்டர்... ஜனீல் இருக்காங்களா?"

உள்ளே சோபாவில் இருந்த ஜனீல் தட்டைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர், நிறுத்த முடியாமல் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். வந்தவர்கள் எதிரில் உட்கார்ந்து, அவர் முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார்கள். பிறகு பிராக்ஸ்டன் முன்னால் குனிந்து, குரலில் வெண்ணெய் தடவிக் கேட்டான்.

"யாராவது உங்க மனசு புண்படும்படி ஏதாவது சொல்லிட்டாங்களா?"

டெல்மரின் காது சிவந்தது. சபையை விட்டபோது அவரிடமும் எல்லோரும் கேட்டது இதே கேள்விதான். இந்தக் கேள்வியைக் கிண்டலடித்து வட்டத்தில் அவர் தனியாக ஒரு உரையே நிகழ்த்தியிருந்தார்.

"யாரும் ஒண்ணும் சொல்லலப்பா," என்றார் ஜனீல், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஏதாவது சந்தேகம் வந்திருக்கா?" என்று கோலீன் மெல்லக் கேட்டார். "வரும். எனக்கும் வந்திருக்கு. மறுபடி நம்பிடுவோமோன்னு."

"சபை மெய்யில்லைங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்ல கோலீன். அதை ஒவ்வொரு வாரமும் டிரெஸ் பண்ணிக்கிட்டு வந்து கேக்கணுமாங்கறதுலதான் சந்தேகம்."

பிராக்ஸ்டன் தலைவரைப் பார்த்தான். "டெல்மர், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாங்க."

டெல்மர் தொண்டையைக் கனைத்தார். தழுதழுப்பு தானாக வந்து குரலில் ஏறிக்கொண்டது. இத்தனை வருடப் பழக்கம் எங்கே போகும்?

"சொல்லு டெல்," என்றார் ஜனீல். இப்போது அவர் சிரிக்கவில்லை. "ஆனா பாரு. இது நம்ம வீடு. எல்லாரும் உக்காந்திருக்கோம். இங்கயும் நீ மட்டும் எதுக்க நிக்கற."

டெல்மர் குனிந்து தன் காலைப் பார்த்தார். உண்மைதான். பியானோவுக்குப் பக்கத்தில், சரியாக நடு ஹாலில், கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றிருந்தார். ஜனீலுக்குப் பக்கத்தில் சோபா காலியாக இருந்தது. காலியாக இருந்தது என்பதைவிட, உட்கார ஆளே இல்லாததால் அந்தப் பக்கம் பஞ்சு அமுங்காமல் புதிதாக இருந்தது.

மூன்றே எட்டுத்தான். ஆனால் மேடையிலிருந்து ஒரு மனிதர் இறங்கி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? கோலீன் தட்டின் தாளைப் பிரித்து ஒரு பிஸ்கட்டைத் தின்றே முடித்துவிட்டார். டெல்மர் வந்து உட்கார்ந்தார். புதுப் பஞ்சு அவரை மேலே தூக்கிப் போட்டது.

"அடுத்த வாரம் நானும் வரல," என்றார்.

பிராக்ஸ்டனின் முகம் வாடியது. மெதுவாக முன்னால் குனிந்தான்.

"உங்களை யாராவது புண்படுத்திட்டாங்களா, டெல்மர்?"

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டு முன் புல்வெளியில் இரண்டு மடக்கு நாற்காலிகள். நெருக்கமாக. மலையில் மிச்சமிருந்த பனி தெரிந்தது. ஜனீல் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் புல்லில் வைத்துக்கொண்டார். தெருவில் வெள்ளைச் சட்டைகளும் நீளப் பாவாடைகளும் ஆலயத்துக்கு நடந்து போயின. டெல்மர் கையசைத்தார். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போயிற்று.

"ஹாலெட் குடும்பத்தைக் காணோமே?" என்றார் திடீரென்று. "போன வாரமும் அவங்க கார் நகரல. ஒரு எட்டுப் போய்..."

"டெல். அது நீ விட்ட சபை."

"ஆமாமா."

ஒரு மணி நேரம் ஆயிற்று. டெல்மர் எழுந்தார், தன் நாற்காலியைப் படக்கென்று மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார், மனைவியின் நாற்காலிக்குக் கை நீட்டினார்.

ஜனீல் எழுந்திருக்கவில்லை. "என்ன பண்ற?"

"முடிஞ்சிடுச்சுல்ல?"

"எது முடிஞ்சுது?"

டெல்மர் யோசித்தார். மடித்த நாற்காலியோடு புல்வெளி நடுவில் வெகுநேரம் நின்றார். ஐம்பத்தெட்டு வயதில் முதல் முறையாக, ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நிறைய பாக்கி இருந்தது. நாற்காலியை மறுபடி விரித்தார். உட்கார்ந்தார். ஜனீல் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் இதுவரை எதையாவது விட்டிருக்கிறீர்களா? ஒரு கட்சியை? சர்க்கரையை? கோயிலுக்குப் போவதை, அல்லது கோயிலுக்குப் போகிறவர்களைக் கேலி செய்வதை? விட்டதை எத்தனை பேரிடம் சொன்னீர்கள்? அவர்கள் கேட்டார்களா? விட்டதிலிருந்து அதைப் பற்றி, பிடித்திருந்த காலத்தைவிட அதிகமாகப் பேசுகிறீர்களா? அப்படியானால் ஞாயிறு பிற்பகல் உங்கள் வீட்டு மணி அடித்தால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். வாசலில் அலுமினியத் தாள் மூடிய தட்டோடு நான்தான் நிற்பேன். டெல்மர் விட்டுவிட்டுப் போய்விட்டார், வட்டத்துக்கு யாராவது ஒருவர் தலைமை தாங்கித்தானே ஆக வேண்டும்?