நிலைவாசலுக்கு வந்த சொர்ணக்கல்

திருத்தணி,
வெள்ளிக்கிழமை.

அரக்கோணத்தில் வாழும் மகாகனம் பொருந்திய மைத்துனர் நாகேந்திரன் அவர்களுக்கு, பாவா துரைக்கண்ணு எழுதிக்கொண்டது. தணிகை முருகன் புண்ணியத்தில் நானும் உங்கள் அக்காவும் சுகம். தாங்களும் சுகமாகவே இருப்பீர்கள், இதைப் படித்து முடிக்கும்வரை. சாட்சிப் பொருளை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

எங்கள் புது வீட்டு நிலைவாசலுக்கு அடியில் வைக்கச் சொல்லி, திருப்பதி ரோட்டில் வாங்கிய சொர்ணக்கல் என்று பூமி பூஜையன்று ஒன்றைக் கொடுத்தீர்களே, பளபளவென்று, கத்தியால் சீவின மாதிரி சதுரம் சதுரமாக, அது தங்கமல்ல. அன்றே சொன்னேன். ஈரத்தில் வைத்தால் ஆபத்து என்றும் சொன்னேன். அதற்குத் தாங்கள் பந்தலில் அத்தனை பேர் முன்னால், “பாவா எட்டாவதே தாண்டல, கல்லைப் பத்தி கிளாஸ் எடுக்கறாரு. ஒண்ணும் ஆவாது, வைங்க” என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் அக்காவும் சிரித்தாள்.

எட்டாவதுதான். நூலகத்துப் புத்தகம் எத்தனாவது என்று கேட்டுவிட்டா திறக்கிறது? அதன் பெயர் பைரைட். சித்த வைத்தியத்தில் பொன்னிமிளை. இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. தீப்பெட்டி இல்லாத காலத்தில் மனிதன் இதைத் தட்டி நெருப்பு எடுத்தான். தங்கம் என்று நம்பிக் கப்பலில் அள்ளிப்போய் ஏமாந்தவர்களும் உண்டு. ஆகவே தாங்கள் முதல் ஆள் அல்ல, அந்த மட்டில் ஆறுதல்.

நேற்று நிலை வைக்கும்போது உங்கள் அக்கா, “என் தம்பி குடுத்ததுனாலதானே உங்களுக்கு ஆவல” என்று பிடித்துக்கொண்டாள். மேஸ்திரி மெஹபூப் பாஷா, “ஐயா, நல்ல நேரம் போய்கினே இருக்குதுங்க” என்கிறார். நான் அசையவில்லை. பாத்ரூம் டைல்ஸ் ஒன்றைக் கவிழ்த்து, சொரசொரப்பான பக்கத்தில் அவளுடைய உடைந்த மூக்குத்தியைத் தேய்த்தேன், மஞ்சள் கோடு. உன் கல்லைத் தேய்த்தேன், கறுப்புக் கோடு. அப்புறம் சுத்தியலால் ஒரு போடு. பொறி பறந்துச்சு நாகேந்திரா, கேப்பு வெடிச்ச நாத்தம். தங்கத்தை அடிச்சா தட்டையாகும், நாறுமா? “ஆங், இது தங்கம் இல்லம்மா” என்றார் மேஸ்திரி.

தண்ணீர் பட்டால் அது ஊறி உப்பும், அமிலம் கக்கும், துரு வடியும், மேலே பூசின சிமெண்ட் வெடிக்கும். என் மகள் ஷாலினி குடிவரப் போற வீட்டுக்கு அடியிலா அதை வைப்பேன்? நிலைக்கு அடியில் வைக்க, பொன்னுக்குப் பொன்னாக அந்த மூக்குத்தியையே மஞ்சள் துணியில் முடிந்தேன். சாட்சிக்காக, சிதறின கல்லில் ஒரு துணுக்கை அதே துணியின் மிச்சத்தில் முடிந்தேன். இரண்டு முடிச்சும் சட்டைப் பையில். மேஸ்திரி கை நீட்டினார், தரவில்லை. பையிலிருந்து எடுத்து என் கையாலேயே நிலைக்கு அடியில் வைத்தேன். உடனே சிமெண்டும் போட்டாயிற்று. கல் துணுக்கு இத்துடன் வருகிறது. நாலு பேரை வைத்துக்கொண்டு பிரித்துப் பார்.

உன் குடும்பம் தணிகாசலன் அருளால் தழைக்கட்டும். கல் எது பொன் எது என்று தெரிந்துகொண்டு தழைக்கட்டும்.

இப்படிக்கு,
தோற்றுப் பழக்கமில்லாத
துரைக்கண்ணு

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் சாட்சியை ஒருதரம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிச்சை அவிழ்த்தேன். மூக்குத்தி இருக்கிறது. உங்கள் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. வாசலில் மேஸ்திரி, சிமெண்ட் இறுக நிலையடியில் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறார். நிறுத்தச் சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மைத்துனர் அவர்களே, ஒன்றும் ஆகாது என்று பந்தலில் சொன்னீர்கள் அல்லவா, அது எந்த ஆதாரத்தில் என்று விவரமாக, உடனே எழுதவும்.