உடைஞ்சதை யார் அள்ளுறது?

திங்கக்கிழமை காலை பத்து மணிக்கு டமால் ஒரு கதை சொல்லியாகணும். வாயைத் திறக்காம.

வானொலி நிலையத்து நாடகப் பிரிவுல அவர் சத்தம் போடுற ஆளு. கத்துற வேலை இல்ல. நாடகத்துல குதிரை ஓடினா ரெண்டு கொட்டாங்குச்சி. இடி இடிச்சா ஒரு தகரம். காதலர் ரெண்டு பேரு பூங்காவுல நடந்தா ஒரு தட்டு நிறைய சரளைக்கல்லு. புறா பறந்தா ஒரு பழைய குடை. அதை நாலு தடவை படபடன்னு விரிச்சு மூடுவாரு. இதெல்லாம் அடைச்சு வச்சிருக்குற ஒரு தகரப் பெட்டிதான் அவர் சொத்து. பன்னண்டு வருஷமா இதே பொழப்பு. சொந்தப் பேரு சம்பளச் சீட்டுல மட்டும் இருந்துச்சு. மத்தபடி எல்லாருக்கும் அவர் டமால்தான்.

அந்த டமாலுக்கு வந்துச்சு ஒரு வினை. பிரிவுக்குப் புதுசா ஒருத்தன் வந்தான். கையில ஒரு மெஷினு, மெஷின்ல அறுபது பட்டன். ஒண்ணை அமுக்கினா குதிரை, அடுத்ததை அமுக்கினா ரயிலு. அவன் பேரே பட்டன்னு ஆயிடுச்சு. டைரக்டர் ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வச்சாரு.

"நாற்காலி ஒண்ணுதான். ஆளு ரெண்டு. திங்கக்கிழமை ஆளுக்கொரு கதை கொண்டாங்க. அஞ்சு நிமிஷத்துக்குள்ள. ஒரு வார்த்தை இருக்கக் கூடாது, வெறும் சத்தத்துலயே கதை நடக்கணும். நானும் டைப்பிஸ்டம்மாவும் வாட்ச்மேனும் கேப்போம். எந்தக் கதை மூணு பேருக்கும் ஒரே மாதிரி புரியுதோ, அவருக்கு நாற்காலி."

"தோத்தவருக்கு சார்?" டமாலு கேட்டாரு.

"பழைய டேப்பு ரூம். தூசி தட்டவும் ஒரு ஆளு வேணுமில்ல?"

தூசின்னா டமாலுக்குத் தும்மல். அந்தத் தும்மலும் நாடகத்துக்கு உதவாது. அவ்வளவு செயற்கையா இருக்கும்.

வீட்டுல ஒரு நீதிபதி உண்டு. அவரோட வீட்டம்மா. ஆஸ்பத்திரியில டெலிபோன் ஆபரேட்டர். எதிர்ப்பக்கம் ஹலோ சொல்றதுக்கு முன்னாடியே, மூச்சு விடுறதை வச்சு "சொல்லுங்க டாக்டர்"னு சொல்ற காது. டமால் என்ன சத்தம் பண்ணினாலும் முதல்ல அவங்க கண்ணை மூடிக் கேக்கணும். "இது மழையா? எண்ணெயில ஏதோ பொரியுது"ன்னு சொன்னா, மறுபடியும் முதல்லேருந்து. "ம்"னு சொன்னா பாஸ்.

ஞாயித்துக்கிழமை வீட்டம்மாவுக்குக் காலை டூட்டி. டமால் தனியா உக்காந்து கேசட்டைப் போட்டுக் கதையைப் பதிய ஆரம்பிச்சாரு. சின்னக் கதைதான். ஆளில்லாத வீட்டுல திருடன் நுழையுறான், அலமாரியைத் திறக்கிறான், ஏதோ விழுந்து உடையுது, ஓடிடுறான். வாட்ச்மேனுக்கே புரிஞ்சுடும். உடைக்குறதுக்குன்னு ஒரு காலி பாட்டில் வாங்கி வச்சிருந்தாரு. ஸ்டூல் மேல ஏறி அலமாரிக் கதவைத் திறந்தாரு. பாட்டிலை ஓங்கினாரு.

முழங்கை கிண்ணத்துல பட்டுச்சு.

நீலக் கரை போட்ட பீங்கான் கிண்ணம். பத்து வருஷம் லீவு குறைச்சலா எடுத்து வேலை பார்த்ததுக்கு ஆஸ்பத்திரியில வீட்டம்மாவுக்கு மேடையில கூப்பிட்டுக் குடுத்தது. அதுல யாரும் சாப்பிட்டதில்ல. வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துத் துடைச்சு, விரலால ஒரு சுண்டு சுண்டி, அந்த 'ணங்'கைக் கேட்டுட்டுத் திரும்ப வைப்பாங்க.

ணங்ங்! சளார்ர்ர்! கலகலகல… கடைசியா ஒரு துண்டு தரையில சுத்திச் சுத்தி, கிர்ர்ர்… டிங்.

கேசட் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

டமாலுக்கு ரத்தம் உறைஞ்சு போச்சு. காது மட்டும் சொர்க்கத்துல இருந்துச்சு. பன்னண்டு வருஷத்துல இப்படி ஒரு உடைசல் அவருக்குக் கிடைச்சதில்ல. பட்டனோட அறுபது பட்டன்லயும் இது கிடையாது.

கேசட்டை நிறுத்திட்டு, பதறிப் போய் துண்டுகளைப் பழைய பேப்பர்ல சுருட்டினாரு. தகரப் பெட்டிக்கு அடியில திணிச்சு, மேல கொட்டாங்குச்சியை அடுக்கினாரு. அலமாரியில விழுந்த காலி இடத்தை மறைக்க பெரிய ஃப்ளாஸ்க்கை முன்னாடி நகர்த்தி வச்சாரு. இப்ப அந்தச் சத்தத்தை அழிச்சுட்டுப் பாட்டிலை உடைச்சுப் பதியலாம். அதுதான் புத்திசாலித்தனம். நாற்காலியா கழுத்தான்னு கொஞ்ச நேரம் யோசிச்சாரு. நாற்காலிதான்னு முடிவு பண்ணினாரு. கிண்ணம் உடைஞ்சதை அப்படியே வச்சு, பின்னாடி ஓடுற காலையும் கதவையும் சேர்த்துப் பதிஞ்சாரு.

மத்தியானம் வீட்டம்மா வந்து, மூஞ்சி கழுவி, உக்காந்து கண்ணை மூடினாங்க. கேக்க வைக்காம ஒளிச்சா சந்தேகம் வரும். டமால் கேசட்டை ஓட விட்டாரு. செருப்பு சரக் சரக். கதவு கிரீச். ஸ்டூல் தடக். அப்புறம் அந்த ணங் சளார். ஓடுற காலு. கதவு டமார். முடிஞ்சுது. ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு.

"என்ன கதை?" டமால் கேட்டாரு.

"திருடன் கதை."

"அப்பாடா!"

"எதுக்கு அப்பாடா?"

"புரிஞ்சுதேன்னு சொன்னேம்மா."

வீட்டம்மா கண்ணை இன்னும் திறக்கல. அதுதான் பயமா இருந்துச்சு.

"ஏங்க, திருடன் எதுக்கு வாசல்லயே செருப்பைக் கழட்டி விடுறான்?"

"சத்தம் கேக்கக் கூடாதுல்ல."

"நல்ல பழக்கம். ஸ்டூல்ல ஏறுறப்போ முட்டி டக்குன்னுச்சே?"

"திருடனுக்கு வயசாயிடுச்சு."

"இடது முட்டியா?"

"கேசட்டுல இடது வலது எப்படித் தெரியும்?"

"ஸ்டூலு ரெண்டு தடவை ஆடுச்சு. நம்ம ஸ்டூல் மாதிரி அந்த வீட்டு ஸ்டூலுக்கும் ஒரு கால் குட்டை போல."

"நம்ம ஸ்டூல்தான். வாடகைக்கா எடுக்க முடியும்?"

"சரி. விழுந்தது என்ன?"

"பாட்டிலு."

"பாட்டிலா? பாட்டில் ணங்குன்னு சொல்லுமா?"

"நல்ல பாட்டிலா இருந்தா சொல்லும்."

வீட்டம்மா கண்ணைத் திறந்தாங்க. அலமாரிப் பக்கம் பார்க்கல. டமாலைத்தான் பார்த்தாங்க. அவருக்கு அதுலயே பாதி உயிர் திரும்பி வந்துச்சு.

"நல்லாத்தான் இருக்கு. முடிவுதான் இல்ல."

"அதான் திருடன் ஓடிட்டானே!"

"உடைஞ்சதை யார் அள்ளுறது?"

"கதைம்மா இது! கதையில யாராவது குப்பை அள்ளுவாங்களா?"

"ம்"னாங்க வீட்டம்மா.

பாஸுன்னு எடுத்துக்கிட்டாரு டமால். நூறு கதவுச் சத்தத்தைப் பிரிச்சுச் சொல்ற மனுஷனுக்கு ரெண்டு 'ம்'மைப் பிரிக்கத் தெரியல.

சந்தோஷத்துல முடி வெட்டிக்கக் கிளம்பிட்டாரு. சலூன்ல கூட்டம். திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆச்சு. வீட்டம்மா துணி மடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

"கேசட்டை ஆரம்பத்துக்குச் சுத்தி வச்சுட்டேங்க. காலையில உங்களுக்கு அலைச்சல் வேண்டாம்."

எவ்வளவு நல்ல மனசுன்னு டமாலுக்குக் கொஞ்சம் கூச்சமாவே போச்சு. காலையில பையை எடுக்கும்போது, "ஒரு தடவை கேட்டுடலாமா?"ன்னாரு.

"பஸ் போயிடும்ங்க."

பத்து மணி. ஸ்டூடியோவுல டைரக்டர், டைப்பிஸ்டம்மா, வாட்ச்மேன் மூணு பேரும் வரிசையா உக்காந்திருந்தாங்க. முதல்ல பட்டன். அறுபதையும் அமுக்கிட்டான். முடிஞ்சதும் டைரக்டர் சண்டைன்னாரு. டைப்பிஸ்டம்மா கல்யாண வீட்டுல தீப்பிடிச்சுதுன்னாங்க. வாட்ச்மேன் மிருகக்காட்சி சாலைன்னாரு.

"ஒரு விவசாயியோட தனிமை சார்,"ன்னான் பட்டன், அழாத குறையா.

அடுத்தது டமாலு. சரக் சரக். கிரீச். தடக். ணங் சளார்! டைப்பிஸ்டம்மா நெஞ்சுல கையை வச்சுக்கிட்டாங்க. ஓடுற காலு, கதவு டமார். நாற்காலி கண்ணு முன்னாடி தெரிஞ்சுது. டமால் எழுந்து கேசட்டை நிறுத்தக் கையை நீட்டினாரு.

"இருங்க, இன்னும் ஓடுதே," டைரக்டர் தடுத்தாரு.

ஓடுச்சு. பூட்டுல சாவி திரும்புற சத்தம். ஹேண்ட்பேக் தொப்புன்னு விழுது. வளையல் சிணுங்குது. டமாலுக்கு வெட்டின முடியெல்லாம் நட்டுக்கிச்சு. அது யாரு வளையல்னு அவருக்குத் தெரியாதா?

அலமாரிக் கதவு. ஃப்ளாஸ்க் நகருது. அமைதி. நீளமா ஒரு பெருமூச்சு.

அப்புறம் கீஈஈச்… டக். அவரோட தகரப் பெட்டி! தூக்கத்துல கேட்டாலும் அடையாளம் தெரியும் அந்தக் கீல். கொட்டாங்குச்சி ஒண்ணு ஒண்ணா வெளிய வருது, டொக், டொக். பேப்பர் சரசரக்குது. துண்டுங்க கலகலன்னு தரையில கொட்டுது. துடைப்பம். ஒவ்வொரு வீச்சும் டமால் முதுகுல விழுந்துச்சு.

"அள்ளுறாங்கப்பா,"ன்னாரு வாட்ச்மேன் மெதுவா.

இன்னும் முடியல. பெட்டி மூடுது. இழுபடுது, கர்ர்ர்… கர்ர்ர்… வாசல் வரைக்கும். தூரத்துல டிங் டிங், டிங் டிங். வண்டிச் சக்கரம் கடகடகட. ஞாயித்துக்கிழமை மத்தியானம் தெருவுல வர்ற பழைய சாமான் வண்டி! பழசைப் போட்டா புதுசு குடுக்குற வண்டி. தராசுச் சங்கிலி கிணுகிணுன்னுது. தொம்! ஏதோ கனமா ஏறி உக்காருது. சக்கரம் தெருக்கோடி வரைக்கும் போய்த் தேயுது. கடைசியா அலமாரி பலகை மேல ஒரே ஒரு சத்தம். பூப்போல.

ணங்.

கேசட் முடிஞ்சுது. டமால் கதையும்.

"புருஷன் கிண்ணத்தை உடைச்சுட்டு அவன் பெட்டியில ஒளிச்சிருக்கான்," டைப்பிஸ்டம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. "அவ அந்தப் பெட்டியையே வண்டியில போட்டுட்டுப் புதுக் கிண்ணம் வாங்கிட்டா!"

"அதேதான் சார்," வாட்ச்மேன் சொன்னாரு. "நல்லா வேணும் அந்தப் பயலுக்கு."

டைரக்டர் எழுந்து வந்து டமால் முதுகுல ரெண்டு தட்டு தட்டினாரு. "யோவ், திருடன் கதைன்னு நினைக்க வச்சு, புருஷன்னு திருப்பினீரு பாரும்! நாற்காலி உமக்குத்தான். சாயந்தரம் நாலு மணிக்கு ராஜா நாடகம், நேரடி ஒலிபரப்பு. பதினேழு குதிரை, ஒரு புயலு. பெட்டியோட வந்துடும்."

"பெட்டி…"

"ஆமாய்யா, பெட்டி. பெட்டி இல்லாம நீரு எதுக்கு?"

மணி பதினொண்ணு. டமால் ஓடினாரு. பழைய சாமான் கடை பூட்டிக் கிடந்துச்சு. பக்கத்துல செருப்புத் தைக்குறவர் தலையைத் தூக்காம சொன்னாரு, "வண்டி ரவுண்டு போயிருக்கு. எந்தத் தெருவோ? அவங்க மூணு பேரு, மூணு வண்டி."

எந்த வண்டின்னு தெரிஞ்ச ஒரே ஆளு வீட்டுல இருந்தாங்க. வெறுங்கையோட போனா வாய் திறக்க மாட்டாங்க. டமால் பாத்திரக் கடைக்குள்ள பாய்ஞ்சாரு. நீலக் கரை. அதே அளவு. "கட்டுங்க, கட்டுங்க, சீக்கிரம்!" கட்டினதை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, ரெண்டு சிக்னலைத் தாண்டி, இடது முட்டி டக் டக்குன்னு தாளம் போட வீட்டுக்குள்ள விழுந்தாரு.

வீட்டம்மா மத்தியான டூட்டிக்குத் தலை வாரிக்கிட்டு இருந்தாங்க.

"நான்தாம்மா உடைச்சேன்! பாட்டில் இல்ல, உன் கிண்ணம்தான். ஒளிச்சதும் நான்தான். இந்தா புதுசு, அதே நீலக் கரை. எந்த வண்டின்னு மட்டும் சொல்லிடு. நாலு மணிக்குப் பதினேழு குதிரை ஓடணும்!"

"எந்த வண்டிங்க?"

"என் பெட்டியைப் போட்டியே, அந்த வண்டி!"

வீட்டம்மா சீப்பால உள்ரூமைக் காட்டினாங்க.

கட்டிலுக்கு அடியில, எப்பவும் இருக்குற இடத்துல, பெட்டி இருந்துச்சு.

"நீ… வாசல் வரைக்கும் இழுத்தியே! கேட்டுச்சே!"

"இழுத்தேன். திரும்ப இழுத்துட்டும் வந்தேன். அதைப் பதியல."

"சக்கரம்?"

"பவுடர் டப்பாவுக்குள்ள நாலு ஆணி போட்டுத் தரையில உருட்டினேன்."

"தராசுச் சங்கிலி?"

"கதவுச் சங்கிலி. வண்டி மணி, டம்ளர்ல தட்டின ஸ்பூனு. தொம்முன்னு விழுந்தது தலகாணிக்கு மேல உங்க இஸ்திரிப் பெட்டி."

"கடைசி ணங்?"

"உங்க ஷேவிங் கிண்ணம்ங்க. தினமும் காலையில கேக்குறதுதானே?"

அவமானம் ஒரு பக்கம், நிம்மதி ஒரு பக்கம். நிம்மதிதான் ஜெயிச்சுது. நாற்காலி கிடைச்சாச்சு, பெட்டி இருக்கு, மணி பன்னண்டுகூட ஆகல. டமால் குனிஞ்சு பெட்டியை இழுத்தாரு. கர்ர்ர். வாயில மூச்சு, முகத்துல சிரிப்பு.

பெட்டியில ஒரு பூட்டு தொங்குச்சு. புதுப் பூட்டு.

"சாவி எங்கம்மா?"

வீட்டம்மா கட்டைப் பிரிச்சு, புதுக் கிண்ணத்தை உள்ளங்கையில நிறுத்தி, கண்ணை மூடினாங்க. விரலால ஒரு சுண்டு சுண்டினாங்க.

டொக்.

"விரிசல்,"னாங்க. "மாத்திட்டு வாங்க. சாவி அப்புறம்."