ரசம் துரையும் காணாமல் போன வாத்தியாரும்

கடவுளைத் தேடித் திருவண்ணாமலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். வெயிலைத் தேடி வந்தவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார்.

எழுபதுகளின் கடைசி. நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் பூகோள வாத்தியார். அவருக்கு பெல்ஜியம். வரைபடத்தில் என் சுண்டுவிரல் நகத்தை வைத்தால் மறைந்துவிடும் நாடு. அங்கே ரொட்டி சுடுகிறவராக இருந்தாராம். அவருடைய முழுப்பெயரைப் போஸ்ட்மேனே பாதியில் விட்டுவிடுவார். என் மனைவி சரோஜா வைக்கிற ரசத்தை, நாம் காபி குடிப்பதுபோல மாலை நான்கு மணிக்கு டம்ளரில் ஊதி ஊதிக் குடிப்பார். அதனால் தெருவுக்கே அவர் 'ரசம் துரை'.

"இங்க எதுக்கு சாமி வந்தீங்க, தியானத்துக்கா?" என்று கேட்டால் கோபம் வரும்.

"நான் சாமி இல்லீங்க. எங்க ஊர்ல குளிர் ஜாஸ்தி, சூரியன் கம்மி. அதான் வந்தேன்."

கத்திரி வெயிலில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும். இவர் குளத்தில் குளித்துவிட்டு, பாறைமேல் கண்ணை மூடி உட்கார்ந்து உடம்பைக் காய வைப்பார். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா யாரோ மகான் என்று நினைத்து அவர் காலில் விழுந்துவிட்டார். துரை பதறி எழுந்தார். இதுதான் இந்த ஊர் மரியாதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அந்த அம்மாவின் காலில் தானும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அந்த அம்மா போட்ட கூச்சலில் குளத்தங்கரையே கூடிவிட்டது. அதற்குப் பிறகு அவரை மகான் என்று யாரும் சந்தேகப்படவில்லை.

தமிழை அவர் கற்றது தெருக்குழாயடியில். பெண்கள் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி "நீ உருப்படுவியா?" என்று கேட்பதை தினமும் காதில் வாங்கி, அது நலம் விசாரிப்பு என்று முடிவு செய்துவிட்டார். ஒருநாள் எங்கள் தலைமை ஆசிரியர் வீட்டுக்கு வந்தபோது, மாடிப்படியில் நின்று கைகூப்பி, "வணக்கங்க, உருப்படுவீங்களாங்க?" என்றார். தலைமை ஆசிரியர் அதை நான் சொல்லிக் கொடுத்ததாகவே ஓய்வு பெறும்வரை நம்பினார்.

இப்படி இருக்கையில் மெட்ராஸிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. நாட்டில் தங்கும் அனுமதி முடியப் போகிறது, நேரில் வரவும். "வாத்தியாரே, கூட வர்றீங்களா?" என்றார். "நானும் வர்றேன், நான் கடலே பார்த்ததில்ல" என்று சரோஜாவும் கிளம்பிவிட்டாள்.

அலுவலகத்தில் அதிகாரி ஃபைலைப் புரட்டினார்.

"இந்த வருஷம் உள்ளூர் ஆள் யாராவது 'இவருக்கு நான் பொறுப்பு'ன்னு எழுதிக் கையெழுத்து போடணும். நாளைக்குக் காலையில கொண்டாங்க. இல்லேன்னா பதினைஞ்சு நாள்ல இவர் ஊருக்குக் கிளம்பணும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். சர்க்கார் உத்தியோகம். அந்நிய நாட்டுக்காரனுக்குக் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு ஏதாவது ஆகி, என்னை எங்கேயாவது தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றிவிட்டால்?

வெளியே வந்ததும் துரையே சொன்னார்: "கஷ்டப்படாதீங்க வாத்தியாரே. வேற யாரையாவது கேக்கலாம்."

மெட்ராஸில் அவருக்கு வேறு யாரையும் தெரியாது. அது எனக்கும் தெரியும்.

சரோஜா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். துரைதான் ஒன்றும் நடக்காததுபோல, "இன்னிக்கு சும்மாதானே இருக்கோம், சரோஜாம்மாவுக்கு ஊரைக் காட்டலாம்" என்று, பட்டணத்தைச் சுற்றிக்காட்டும் பஸ் ஒன்றில் எங்களை ஏற்றினார்.

வெள்ளைக்காரரைக் கண்டதும் பஸ்ஸில் இருந்த வழிகாட்டிக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. அத்தனை நேரம் தமிழில் பேசிக்கொண்டிருந்தவர் மடமடவென்று இங்கிலீஷுக்கு மாறினார். பஸ் முழுக்க விழித்தது. கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு துரை எழுந்தார்.

"ஐயா, இன்னா சொல்றீங்கன்னு ஒண்ணும் புரியலீங்க. எனக்கு இங்கிலீஷ் கம்மி. தமிழ்ல சொல்லுங்க."

பஸ்ஸே கைதட்டியது.

பாம்புப் பண்ணையில், "எங்க வீட்டுக் கொல்லையில இதைவிடப் பெருசு வரும்" என்றார். கலங்கரை விளக்கத்தை அண்ணாந்து பார்த்து, "எங்க கோபுரம் இன்னும் ஜாஸ்தி" என்றார். கடற்கரையில் இறங்கியபோது எங்கள் இருவரையும் நிறுத்தி எச்சரித்தார்: "கூட்டம் ஜாஸ்தி. உங்களுக்குப் பட்டணம் பழக்கமில்ல. ஒருத்தர் கையை ஒருத்தர் வுடாதீங்க."

சரோஜா கடலைப் பார்த்தாள். ஒரு அலை வந்து காலை நனைத்ததும் சின்னப் பெண்போலச் சிரித்தாள். காலையிலிருந்து சிரிக்காதவள் சிரிக்கிறாளே என்று நானும் சிரித்தேன். திரும்பினால் துரையைக் காணோம்.

அரைமணி நேரம் தேடினோம். சுண்டல்காரரைக் கேட்டோம், குதிரைக்காரரைக் கேட்டோம். "பாவம், பாஷை தெரியாத ஊர்ல எங்க போய் நிக்கிறாரோ" என்று சரோஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அவருக்கு பாஷை தெரியும் என்பது அந்தப் பதற்றத்தில் எனக்கும் மறந்துபோனது. அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

"திருவண்ணாமலையிலேருந்து வந்து காணாம போன பூகோள வாத்தியாரும், சரோஜாம்மாவும் எங்க இருந்தாலும் உடனே போலீஸ் பூத்துக்கு வரவும்!"

மாணவர்களுக்கு உலகத்தின் அத்தனை கடல்களுக்கும் வழி சொல்லிக் கொடுத்தவன், ஒரே ஒரு கடலோரத்தில் தொலைந்துபோனவனாக அந்தக் கூட்டத்தின் நடுவே நடந்து போனேன்.

பூத்து வாசலில் துரை நின்றிருந்தார். முகம் சிவந்து, கண் கலங்கியிருந்தது. "கையை வுடாதீங்கன்னு சொன்னேன் இல்ல!" என்று அதட்டினார்.

"யாருய்யா வாத்தியாரு? ஒரு பெரிய மனுஷனை இப்படியா தவிக்க வுடறது?" என்றார் கான்ஸ்டபிள். நான் கண்டுபிடிக்கப்பட்டதற்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நோட்டை நீட்டினார். அதில் எழுதியிருந்தது: காணாமல் போனவர்கள் இருவர். புகார் கொடுத்தவருக்கு என்ன உறவு?

பக்கத்தில், 'வீட்டு ஜனங்க'.

அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை லாட்ஜில் காபி வருவதற்கு முன்பே அந்தப் பொறுப்புக் கடிதத்தை எழுதி முடித்தேன். சரோஜா படித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு நாளா?" என்றாள். அதுதான் முந்தின நாளுக்குப் பிறகு என்னிடம் அவள் நேராகப் பேசிய முதல் பேச்சு.

துரைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. "இன்னா எழுதியிருக்கீங்க?" என்றார்.

"உங்களால ஊருக்கு ஒரு தொந்தரவும் இல்லேன்னு எழுதியிருக்கேன்."

"பொய் எழுதலாமா வாத்தியாரே?" என்றார் உண்மையான கவலையோடு.

அதிகாரி ஒரு வருஷத்துக்கு முத்திரை குத்தினார். அதற்கப்புறம் வருஷா வருஷம் நானே எழுதினேன். ஏழு கடிதங்கள். என்னை யாரும் எந்தக் காட்டுக்கும் மாற்றவில்லை. எட்டாவது வருஷம் பெல்ஜியத்தில் அவருடைய அக்கா தனியாகிவிட்டார் என்று தந்தி வந்தது. ஒரே ஒரு பையோடு வந்தவர், அதே பையோடு, எங்கள் வாசலில் வெகுநேரம் வெயிலில் நின்றுவிட்டுப் போனார்.

இப்போதும் மாடி வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டு ஆட்கள் வருகிறார்கள். மழைக்கு ஒழுகும் என்று சொல்லி சரோஜா அனுப்பிவிடுகிறாள்.

ஒரு சொட்டுக்கூட ஒழுகாது.